ஹான் காலப் பச்சைக் கோபுரம்: வாங்கும் முன் பிரித்துப் பாருங்கள்

பழம்பொருள் சந்தையில் ‘கிழக்கு ஹான் காலம், பச்சை மெருகு, சுடுமண் காவல் கோபுரம், ஆய்வகச் சான்றிதழுடன்’ என்ற விளம்பரத்தோடு வரும் சரக்கைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம். கோபுரம், அதற்கான வெப்ப ஒளிர்வுச் சான்றிதழ் (துளையிட்டு எடுத்த மண்தூளைச் சூடாக்கி, கடைசியாகச் சுட்ட காலத்தைக் கணிக்கும் சோதனைக்கானது), யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று சொல்லும் காகிதங்கள் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் விலை கேட்கிறார்கள். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: சான்றிதழை மட்டும் நம்பி முழுக் கோபுரத்தை வாங்காதீர்கள். அந்தக் காகிதம் துளை போட்ட இடத்துக்குத்தான் வயது சொல்கிறது. கோபுரமோ தனித்தனியாகச் சுட்டு அடுக்கிய பல துண்டுகள்.

சீனாவில் கிழக்கு ஹான் அரச மரபின் காலத்தில் (கி.பி. 25–220) வசதியுள்ள குடும்பங்கள் இறந்தவரின் செங்கல் அறைக்குள் ஒரு முழுப் பண்ணையையே களிமண்ணில் செய்து வைத்து மூடின. அடுப்பு, ராட்டினத்தோடு கிணறு, தானியக் குதிர், காலால் மிதித்துக் குத்தும் உலக்கை, பன்றிக் கொட்டில், அதற்கு மேலேயே கழிப்பறை என்று எல்லாம் இருக்கும். பெரிய இடத்துக் கல்லறை என்றால் இவற்றுக்கெல்லாம் தலைமையாக ஒரு காவல் கோபுரமும் நிற்கும். மிங்ச்சி என்ற பொதுப்பெயரில் வரும் இந்தப் பொருள்கள் எதுவும் புழங்குவதற்காகச் செய்தவை அல்ல. மேலே கண்ணாடி போல் உருகிப் படிந்த மெருகில் எடைக்கு ஏறக்குறைய பாதி ஈய ஆக்சைடு இருக்கும்போது புழங்கவும் கூடாது.

கட்டடக் கலை படிப்பவர்களுக்கு இந்தக் கோபுரங்கள் மேல் இத்தனை ஆர்வம் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஹான் கால மரக் கட்டடம் ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. சீனாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய மரக் கட்டடமாகச் சொல்லப்படும் ஷான்ஸி மாநில நான்சான் கோயில் மண்டபமே கி.பி. 782ஐச் சேர்ந்தது. அதற்கு ஆறேழு நூற்றாண்டு முந்தைய மாடங்களும் கூரையைத் தாங்கும் போதிகைகளும் எப்படி இருந்தன என்று தெரிந்துகொள்ள, கல்லறைச் சிற்பங்கள், யாஆனில் உள்ள கி.பி. 209ஆம் ஆண்டின் காவ் யீ கல் தூண்வாசல் போன்றவை, இந்தச் சுடுமண் மாதிரிகள் ஆகியவைதான் கதி. ஒரு கோபுரத்தில் வேறு எங்கிருந்தோ எடுத்த கூரையை ஏற்றிவிட்டால் அந்தச் சான்றே கெட்டுப்போகிறது.

எதோடு ஒப்பிடுவது?

சந்தைக்குப் போகும் முன் அகழாய்வில் கிடைத்தவற்றைக் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். ஹெபேய் அருங்காட்சியகத்தில் ஃபுச்செங் வட்டாரத்துச் சாங்சுவாங் கல்லறையிலிருந்து வந்த பச்சைக் கோபுரம் 216 செ.மீ. உயரம், ஆள் உயரத்தையே தாண்டிவிடும். கான்சு மாநிலத்து வூவேயில், பறக்கும் வெண்கலக் குதிரை கிடைத்த அதே லெய்தாய் கல்லறையில் 1969இல் எடுத்த பச்சைக் கோபுர வீடு 105 செ.மீ.; சுற்றுச் சுவரும் மூலைக் காவல் மாடங்களும் உண்டு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் பச்சைக் கோபுரமும் ஏறக்குறைய அதே உயரம்தான். மெருகு இல்லாமல் வண்ணம் மட்டும் தீட்டியவற்றில், ஹெனான் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஜியாவ்ட்சுவோ நகரத்து ஏழு தளக் களஞ்சியக் கோபுரத்தைத் தவறவிடாதீர்கள். 192 செ.மீ. உயரமுள்ள இது 31 தனித்தனிப் பாகங்களால் ஆனது. பக்கத்துக் கோபுரத்துக்கு நடுவானில் ஒரு மூடிய பாலமும் போகிறது. கான்சஸ் சிட்டியில் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள வண்ண வீடு 132 செ.மீ.

31 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். ஒரு துண்டில் துளை போட்டு எடுத்த முடிவு மற்ற முப்பதைப் பற்றி எதுவும் சொல்லாது.

பிரித்துப் பார்ப்பது

கோபுரத்தின் அடியில் ஒரு தொட்டியோ முற்றமோ இருக்கும். தொட்டி என்றால் உள்ளே மீன், ஆமை, வாத்து. அதன் மேல் முதல் தளத்துப் பெட்டி, அதன் மேல் சாய்வுக் கூரையோ கைப்பிடிச் சுவர் வைத்த மாடமோ, மறுபடி ஒரு பெட்டி, மறுபடி ஒரு கூரை என்று அடுக்குச் சட்டி போல ஏறிப்போகும். சுவர்கள் தட்டையாகத் தட்டிய களிமண் பலகைகளை வெட்டி ஒட்டியவை. ஓட்டு முனை வட்டங்கள், போதிகைகள், கரடி உருவத் தாங்கிகள், வில்லாளிகள் ஆகியவற்றை அச்சில் அழுத்தி எடுத்து ஈரத்திலேயே ஒட்டியிருப்பார்கள்.

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, பிரிக்கலாமா என்பதுதான். சிறிய கோபுரங்கள் சில ஒரே துண்டாகச் சுடப்பட்டவை, அவற்றை விட்டுவிடுவோம். இடுப்பளவு உயரமுள்ள ஒன்றைப் ‘பாதுகாப்புக்காக ஒட்டிவிட்டோம்’ என்று சொன்னால், எதை மறைக்க ஒட்டினார்கள் என்று யோசியுங்கள். அருங்காட்சியகப் பழுதுபார்ப்பவர்கள் ஒட்டினாலும் திரும்பக் கரைத்து எடுக்கக்கூடிய பசையைத்தான் பயன்படுத்துவார்கள், எங்கே ஒட்டினோம் என்று எழுதியும் வைப்பார்கள். இபாக்சி போட்டு இறுக்கியிருந்தால் அது கடைக்காரரின் வேலை.

உச்சியிலிருந்து இறங்குங்கள். கூரை விளிம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது. மெல்லிய இடமே அதுதான், பழைய ஒட்டு இருந்தால் கையோடு வந்துவிடும். சுவரை இரு பக்கமும் அணைத்துத் தூக்கி, தடித்த ஃபோம் விரிப்பில் ஒவ்வொன்றாக வைத்து, கவிழ்த்துப் பாருங்கள். கையில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், பக்கவாட்டில் பிடிக்க ஒரு டார்ச், 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு மூன்றும் போதும். ஈயத் தூசு இருப்பதால் கையுறை போடுங்கள். துணிக் கையுறை வழுக்கும், நைட்ரைல்தான் சரி.

தளத்துக்குத் தளம் உட்காரும் விளிம்பைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். களிமண் காய்ந்து சுடும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். ஒரே பட்டறையில் ஒரே மண்ணில் செய்த பாகங்கள் ஒரே அளவுக்குச் சுருங்குவதால், கையால் செய்ததற்கே உரிய சிறு ஆட்டத்தோடு பொருந்தும். வேறு கோபுரத்திலிருந்து வந்த கூரை அப்படி உட்காராது. ஒரு பக்கம் விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும், மறுபக்கம் உள்ளே போகும். அதைச் சரிக்கட்ட விளிம்பை அராவியிருப்பார்கள். அராவிய தடம் லென்ஸில் இணை கோடுகளாகத் தெரியும்; மண் நிறமும் அங்கே மட்டும் புதுச் செங்கல் போலச் சிவந்திருக்கும். அதன் மேல் சேற்றைப் பூசி மறைத்திருந்தால் ஈரப் பஞ்சால் ஒரு ஓரத்தில் தொட்டுப் பார்க்கலாம். பல நூறு ஆண்டு படிந்த சுண்ணாம்புப் படிவு அசையாது. பசையில் குழைத்த சேறு இளகிவரும்.

அடுத்து எல்லாப் பாகங்களின் உடல் மண்ணையும் வரிசையாக வைத்து ஒப்பிடுங்கள். வடசீனத்துப் பச்சைக் கோபுரங்கள் இரும்புச் சத்துள்ள சாதாரண மண்ணில் செய்து, காற்றோட்டமுள்ள சூளையில் சுட்டவை. அதனால் உடல் செந்நிறம். நான்கு பாகம் செங்கல் சிவப்பு, ஐந்தாவது வெளிர் மஞ்சள் என்றால் கதை முடிந்தது. உடலே வெண்மையாக இருந்து, தெரியும் இடங்களில் மட்டும் செம்மண் பூசியிருந்தால் முழுவதும் இன்றைய சரக்கு. டாங் கால (618–907) மூவண்ணப் பொருள்களுக்கான வெள்ளைக் கயோலின் மண் தற்காலப் பட்டறைகளில் கையருகே இருக்கிறது. அதிலேயே ஹான் கோபுரத்தையும் செய்து தள்ளிவிடுகிறார்கள்.

பாகத்தின் உட்புறத்தை யாரும் அலங்கரிப்பதில்லை, அதனால் பொய் சொல்வதும் குறைவு. பலகை ஒட்டிய மூலையில் விரலால் அழுத்தி இழுத்த களிமண் திரி, கத்தி வெட்டிய சன்னலின் உள்விளிம்பில் மழுங்காத பிசிறு, சமமில்லாத சுவர்த் தடிமன் எல்லாம் நல்ல அறிகுறிகள். உட்புறம் வழவழவென்று ஒரே தடிமனில் ஓடி, வெளியே போதிகை புடைத்திருக்கும் இடத்தில் உள்ளே குழிந்திருந்தால், அது பிளாஸ்டர் அச்சில் களிமண் குழம்பு ஊற்றி எடுத்தது. அந்த முறை ஹான் பட்டறையில் கிடையாது.

பறவைகளையும் வில்லாளிகளையும் தனியாகக் கவனியுங்கள். உருவங்கள் கூடக்கூடக் கோபுரத்தின் விலை ஏறும் என்பதால், வெறுமையாகக் கிடைத்த மாடத்தில் ஆட்களை ஏற்றும் வேலை நிறையவே நடக்கிறது. ஈரத்தில் ஒட்டிய உருவத்தின் காலடியில் மெருகு தொடர்ந்து ஓடும். பசையால் ஒட்டியதன் காலடியில் புற ஊதா விளக்கடியில் வெளிர் நீலமாகவோ மஞ்சளாகவோ ஒரு வளையம் ஒளிரும். சுவரில் மேல்பூச்சாக அடித்த நவீன வண்ணமும் அதே விளக்கில் திட்டுத் திட்டாகக் காட்டிக்கொடுக்கும்.

மெருகு

இந்த மெருகின் செய்முறை எளிது. ஈயம், மணலிலிருந்தோ மண்ணிலிருந்தோ வரும் சிலிக்கா, நிறத்துக்கு 1 முதல் 3 விழுக்காடு வரை செம்பு. ஈயம் சிலிக்காவை இளக்கிவிடுவதால் 700–900 டிகிரி செல்சியஸிலேயே கண்ணாடியாக உருகிவிடும். செம்புக்குப் பதில் இரும்பு என்றால் தேன் நிறமும் பழுப்பும் வரும். சூளையில் காற்றோட்டம் குறைந்து புகை மூண்டால் ஈயம் உலோகமாகப் பிரிந்து மெருகு கறுத்துக் கொப்பளிக்கும். பழங்காலச் சூளைக்காரர் பயந்தது இதற்குத்தான். ஆகவே ஓரிரு கறுத்த திட்டுகளைக் கண்டு பொருளை ஒதுக்கத் தேவையில்லை.

ஈய மெருகில் செம்பு தருவது இலைப் பச்சை. காரம் மிகுந்த ஈயமில்லா மெருகில் அதே செம்பு நீலப்பச்சைக்குப் போய்விடும். மயில் கழுத்து நிறத்தில் ஒரு ‘ஹான்’ கோபுரத்தைக் கண்டால் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடலாம். கோபால்ட் நீலம் அதைவிடத் தெளிவான சாட்சி. ஈய மெருகில் அந்த நீலம் டாங் காலத்தில்தான் வருகிறது.

மெருகு வழிந்த திசையையும் பாருங்கள். உருகிய மெருகு கீழ்நோக்கித்தான் ஓடும் என்பதால், ஒவ்வொரு பாகமும் சூளையில் எப்படி நின்றது என்று அதுவே சொல்லிவிடும். ஹான் ஜாடிகளில் பல கவிழ்த்துச் சுடப்பட்டவை. விளிம்பில் மெருகு சொட்டாகத் தொங்கும். கோபுரப் பாகங்களும் தனித்தனியாகச் சூளைக்குப் போனவைதான்; ஒரு தளத்தின் சொட்டு ஒரு திசையிலும் இன்னொன்றின் சொட்டு வேறு திசையிலும் இருந்தால் குற்றமில்லை. ஒரே பாகத்துக்குள் இரண்டு திசை இருந்தால்தான் சிக்கல். பிரித்தெடுக்கக்கூடிய இரண்டு தளங்களின் இணைப்பைத் தாண்டி ஒரே சொட்டு மேலிருந்து கீழே ஓடியிருந்தால், அது அடுக்கிய பிறகு யாரோ தீட்டியது.

இனி எல்லாரும் மயங்கும் வெள்ளிப் படலம். ஈய மெருகில் மயிரிழை வெடிப்புகள் இருக்கும். ஈரமான கல்லறையில் தண்ணீர் அந்த வெடிப்பு வழியே இறங்கி ஈயத்தைக் கரைத்து எடுக்க, மெருகின் மேல்பகுதி மிக மெல்லிய பல அடுக்குகளாக மாறுகிறது. அந்த அடுக்குகளுக்குள் ஒளி பட்டுத் திரும்பும்போது வெள்ளியும் வானவில்லும் தெரிகின்றன. அதாவது அது அழிவின் அறிகுறி. இருந்தும் சந்தையில் அதற்குத் தனி மதிப்பு உண்டு, எனவே போலியும் உண்டு.

உண்மையான படலம் வெடிப்புகளின் ஓரத்திலிருந்து பரவும். மெருகு தேங்கிய பள்ளங்களில் தடிப்பாக இருக்கும். நகம் பட்டாலே செதிலாகக் கழன்று அடியில் பச்சையைக் காட்டும். பொருள் ஈரத்தில் கிடந்த பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருப்பதே வழக்கம். நான்கு பக்கமும், கூரை அடிப்புறம் உட்பட, ஒரே சீராக வெள்ளி பூத்திருந்தால் நம்பாதீர்கள். லென்ஸில் மினுமினுக்கும் தனித்தனித் துகள்கள் தெரிந்தால் அது அரக்கில் கலந்த அபிரகத் தூள். அமிலத்தில் முக்கி மங்க வைத்தவற்றில் பள்ளமும் மேடும் ஒரே அளவுக்கு ஒளி இழந்து, எங்கே தொட்டாலும் ஒரே சொரசொரப்பாக இருக்கும். அசிட்டோன் தடவிப் பார்க்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. உங்கள் பொருளாக இல்லாதவரை தொடாதீர்கள். உங்களுடையதாக ஆன பிறகும் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

கட்டடம் நிற்குமா?

மண்ணையும் மெருகையும் சரியாகச் செய்துவிடும் போலிப் பட்டறைகள்கூடக் கட்டடத்தில் கோட்டை விடுகின்றன. ஹான் கூரையின் சாய்வும் விளிம்பும் பெரும்பாலும் நேர்கோடு. முகட்டின் நுனி மட்டும் லேசாக உயரும். இறக்கை விரித்தது போல மூலைகள் மேலே வளைந்தெழும் கூரை பிற்கால வழக்கம். சுற்றுலாக் கோயில்களைப் பார்த்துப் பழகிய கைகள் அந்த வளைவைத் தானாகப் போட்டுவிடும். நாங்கள் முதலில் பார்ப்பது மூலைகளைத்தான். பாதிப் பொருள்கள் அங்கேயே தோற்றுவிடும்.

அடுத்தது போதிகை. சுவரிலிருந்து ஒரு கைமரம் நீளும். அதன் நுனியில் ஒரு கட்டை, அதன் மேல் குறுக்கே ஒரு வளைந்த கை, அந்தக் கையின் மேல் இரண்டோ மூன்றோ சிறு கட்டைகள், அவற்றின் மேல் கூரையின் உத்திரம். ஒவ்வொன்றும் அடுத்ததைத் தொட்டுச் சுமக்கிறதா என்று விரலால் வழி தொடருங்கள். அசல் மாதிரியில் வேலை எவ்வளவு முரடாக இருந்தாலும் சுமை கீழே இறங்கும் வழி அறாது. போலியில் போதிகை சுவரில் ஒட்டிய நகையாக நிற்கும், அதற்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி இருக்கும். மேல் மாடத்துக்குப் போக வாசல் இல்லாத தளம், கைப்பிடிச் சுவர் உயரத்துக்குப் பாதி கூட இல்லாத வில்லாளி போன்றவை அசலிலும் உண்டு. அளவு விகிதத்தை ஹான் குயவர் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

சான்றிதழ்

வெப்ப ஒளிர்வுச் சோதனையின் அடிப்படை உறுதியானது. மண்ணில் உள்ள குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் துகள்கள் சுற்றுப்புறக் கதிர்வீச்சைச் சிறிது சிறிதாகச் சேமிக்கின்றன. சூளையில் சுடும்போது அந்தச் சேமிப்பு பூஜ்யமாகிறது. அதன் பிறகு மறுபடி சேரத் தொடங்குகிறது. ஆய்வகத்தில் மாதிரியைச் சூடாக்கும்போது வெளிப்படும் ஒளியை அளந்து, ஆண்டுக்கு எவ்வளவு சேர்ந்திருக்கும் என்ற கணக்கால் வகுத்தால் கடைசியாகச் சுட்ட காலம் வரும். மங்கலான சிவப்பு விளக்கில், மெருகு இல்லாத மறைவான இடத்தில் மெதுவாகச் சுழலும் துரப்பணத்தால் சிறு துளையிட்டு, ஏறக்குறைய 100 மில்லிகிராம் தூள் எடுப்பார்கள். பழையதா புதியதா என்று மட்டும் சொல்லும் இந்த வகைச் சோதனையில் இருபது விழுக்காடு முன்பின் ஆவது சகஜம். 1,800 ஆண்டுப் பொருளுக்கு 1,440 முதல் 2,160 வரை என்று வரும். ஹானா, பின்னால் வந்த ஜின் அரச மரபின் காலமா என்று இதை வைத்துப் பிரிக்க முடியாது. அது சோதனையின் குறையல்ல. அதைக் ‘கிழக்கு ஹான் உறுதி’ என்று விளம்பரத்தில் போடுபவரின் குறை.

ஏமாற்று நடப்பது துளை போடும் இடத்தில். துளை அடிப்பாகத்தில் விழும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே அடிப்பாகம் அசலாகவும் மேலே உள்ள மூன்று தளம் புதியதாகவும் இருக்கும். இன்னும் கெட்டிக்காரர்கள் புதிய பொருளின் அடியில் பழைய ஓட்டுச் சில்லைப் பதித்துவைப்பார்கள். உடைந்த பழைய மண்பொருள்களை அரைத்துப் பிசினில் குழைத்து அச்சிலிட்டவையும் வந்திருக்கின்றன. அவற்றில் சூடான ஊசியைத் தொட்டால் பிளாஸ்டிக் வாடை வரும். புதிய பொருளுக்குச் செயற்கைக் கதிர்வீச்சு கொடுத்து வயது ஏற்றுவதும் உண்டு. எதிர்த்திசையிலும் ஒரு தொல்லை இருக்கிறது: அசல் பொருளை மருத்துவமனை சி.டி. ஸ்கேனில் வைத்தால் அந்தக் கதிர்வீச்சும் சேமிப்பில் சேர்ந்து பிற்காலச் சோதனையைக் குழப்பும். எனவே ஸ்கேன் எடுப்பதாக இருந்தால் முதலில் மாதிரித் தூளை எடுத்துவிடுங்கள்.

சான்றிதழைப் படிக்கும் ஒழுங்கு இது: முதலில் படம். படத்தில் உள்ள உடைசல்களும் மெருகுச் சொட்டுகளும் கையில் உள்ள பொருளோடு ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ஒரு சான்றிதழைப் பல கோபுரங்களுக்குச் சுற்றில் விடும் வழக்கம் இருக்கிறது. பிறகு படத்தில் குறித்த இடத்தில் துளை உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழ் எண்ணைச் சொல்லி ஆய்வகத்திடமே எழுதிக் கேளுங்கள். விற்பவர் கொடுக்கும் முகவரிக்கு அல்ல. கடைசியாக எத்தனை பாகத்தில் துளை என்று எண்ணுங்கள். ஆறு பாகக் கோபுரத்துக்கு ஆறு மாதிரி இருந்தால்தான் அந்தச் சான்றிதழ் கோபுரத்துக்கானது. இரண்டு மாதிரிதான் இருக்கிறது என்றால் மீதி நான்குக்குச் சோதனை செய்யச் சொல்லுங்கள், செலவைப் பாதிப் பாதி ஏற்கலாம். மறுப்பவரிடம் பேரம் தொடர வேண்டாம்.

இப்படிப் படித்தால் சான்றிதழ் பயனுள்ள சேவைதான். ‘இந்தத் துண்டு அண்மையில் சுட்டதல்ல’ என்று அது சொல்வதை நம்பலாம். அதற்கு மேல் சொல்வதாக நினைத்துக்கொண்டு காசு கொடுப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

காகிதங்கள்

சீனச் சட்டப்படி நிலத்தடியில் கிடைக்கும் தொல்பொருள் அனைத்தும் அரசுக்குச் சொந்தம். 1911க்கு முந்தைய தொல்பொருள்களை ஏற்றுமதி செய்ய அனுமதி இல்லை. ‘அண்மையில் கிடைத்தது’ என்று ஒருவர் காதோடு சொன்னால், பொருள் அசலாக இருந்தால் களவு, அசலாக இல்லாவிட்டால் மோசடி. இரண்டும் வேண்டாம். அமெரிக்கா 2009 ஜனவரியில் சீனாவோடு ஒப்பந்தம் செய்து, பழைய கற்காலத்திலிருந்து டாங் காலம் வரையான தொல்பொருள்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அது தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டுவருகிறது. அந்தத் தேதிக்கு முன்பே பொருள் சீனாவை விட்டு வெளியேறியதற்கான ஆவணம் இல்லாமல் அங்கே கொண்டுபோனால் சுங்கத்தில் சிக்கும். அருங்காட்சியகங்கள் பலவும் தொல்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கையின் 1970ஆம் ஆண்டை எல்லையாக வைக்கின்றன. படம் போட்ட பழைய ஏலப் பட்டியல், தேதியிட்ட விற்பனைச் சீட்டு, காப்பீட்டு மதிப்பீடு ஆகியவைதான் ஆவணம். ‘ஹாங்காங்கில் ஒரு பழைய குடும்பத்தின் சேகரிப்பு’ என்ற ஒற்றை வரி ஆவணம் ஆகாது.

கோபுரத்தை விட்டால்?

உண்மையில் சிறிய பொருள்கள்தான் நல்ல கொள்முதல், காகிதம் சரியாக இருந்தால். கிணறும் அடுப்பும் குதிரும் ஒன்றிரண்டு துண்டுகளில் முடிந்துவிடுவதால் ஒட்டுப்போட இடம் குறைவு, ஒன்றிரண்டு சோதனையே போதும். குதிரில் மூன்று கரடிக் கால்களும் கூரை போல் ஓடு வேய்ந்த தோளும் பாருங்கள். ஒரு கால் மட்டும் மறுகட்டுமானமாக இருப்பது மிகச் சாதாரணம், விலையில் கழித்துக்கொள்ளுங்கள். கிணற்றின் மேல் உள்ள ராட்டினச் சட்டம் மெலிதானது, முழுதாக இருந்தால் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். பன்றிக் கொட்டில் எங்களுக்குப் பிடித்தது. சதுரச் சுற்றுச் சுவர், ஒரு மூலையில் படியேறிப் போகும் சிறு கழிப்பறை, கீழே முகத்தைத் தொட்டிக்குள் விட்ட பன்றி. ஒரு பண்ணையின் உரச் சுழற்சி முழுக்க ஒரு அடிக்குள். வரவேற்பறையில் வைக்கக் கூச்சப்படுபவர்கள் இருப்பதால் போட்டியும் குறைவு.

எதை வாங்கினாலும் பராமரிப்பு ஒன்றுதான். ஈரப்பதம் 40–55 விழுக்காட்டுக்குள் நிலையாக இருக்கட்டும். ஏறி இறங்கினால் உடலில் ஊறிய உப்பு படிகமாகி மெருகைத் தள்ளிவிடும். ஓக் மரமும் எம்.டி.எஃப். பலகையும் அசிட்டிக் அமில ஆவி விடும், ஈயத்துக்கு அது ஆகாது. கண்ணாடியும் பவுடர் பூச்சு உலோகமும் உள்ள பெட்டி நல்லது. தண்ணீர் ஊற்றுவது, பூச்செடி வைப்பது, தின்பண்டம் வைப்பது எதுவும் கூடாது. ஈரத் துணியால் துடைக்காமல் மென்மையான தூரிகையால் தூசு தட்டினால் போதும்.

கோபுரம்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், நல்ல நகலை நகல் என்றே சொல்லி வாங்குவதில் ஒரு தாழ்வும் இல்லை. லுவோயாங் நகரை ஒட்டிய மெங்ஜின் பகுதியில் நன்ஷிஷான் கிராமம் மூவண்ணப் பொருள்களின் நகல்களுக்கே பேர்போனது. அங்கோ வேறெங்கோ சொல்லிச் செய்யும்போது நான்கு விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: எந்த அருங்காட்சியகப் பொருளின் நகல், உடல் செம்மண்ணா வெள்ளை மண்ணுக்கு மேல் பூச்சா, மெருகில் ஈயம் உண்டா, தளங்கள் தனித்தனியாகச் சுட்டதா. செம்மண் உடலுக்கும் தனித்தனித் தளத்துக்கும் கூடுதல் பணம் கொடுப்பது தகும். வெள்ளை உடலில் பச்சை வெளிறி, விளையாட்டுப் பொருள் போல் தெரியும். ‘பழமைப்படுத்தும்’ வேலை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பூசும் சேறும் வெள்ளியும் சில ஆண்டில் உரிந்து அசிங்கமாகும், நாளை உங்களிடமிருந்து போகும் நகல் யாரோ ஒருவர் கையில் அசலாகவும் மாறும். அடியில் ஆண்டையும் பட்டறை முத்திரையையும் சுடுவதற்கு முன்பே குத்தச் சொல்லுங்கள்.

அனுப்பும்போது அடுக்கிய நிலையில் கட்டக் கூடாது. ஒவ்வொரு தளமும் அமிலமற்ற மெல்லிய தாளில் சுற்றி, ஃபோம் வெட்டிய தனிப் பெட்டியில், நின்ற நிலையில் வர வேண்டும். கூரைகளின் கீழ்க்குழிவை ஃபோமால் நிரப்பியிருக்க வேண்டும், விளிம்பில் எடை இறங்கவே கூடாது. வந்ததும் கீழிருந்து அடுக்கி, ஒவ்வொரு இணைப்பிலும் மெல்லிய பாலிஎதிலீன் ஃபோம் துண்டு வைத்து உட்காரவையுங்கள். பசை வேண்டாம்.